மகாராணி பிறந்தநாளும் மாப்பிள்ளையின் கத்தரிக்காயும்

விக்டோரியா மகாராணிக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்?

சிரிக்காதீர்கள், இருக்கிறது. மகாராணி பிறந்தது 1819, மே 24. கனடாவில் அந்தப் பிறந்தநாளுக்கு இன்னமும் விடாமல் லீவு விடுகிறார்கள். (அம்மையார் 1901-லேயே காலமாகிவிட்டார். அதனால் என்ன, லீவு லீவுதானே!) 1952-லிருந்து, மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை என்று நிர்ணயம் செய்து, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறையாக்கிவிட்டார்கள். டொரான்டோ வட்டாரத் தோட்டக்காரர்களுக்கு அந்த மூன்று நாள்தான் முகூர்த்தம். 'அதற்கு முன்னால் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றை வெளியே மண்ணில் வைக்காதே' என்பது அங்கே அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

வைத்தால் என்ன ஆகும்? பனி தின்றுவிடும்.

பனி என்றதும் நமக்கு மார்கழி, மஃப்ளர், டீக்கடை என்று சுகமான சமாசாரங்கள்தான் ஞாபகம் வருகின்றன. தமிழில் எல்லாமே 'பனி'தான். புல்நுனியில் முத்து மாதிரி நிற்பதும் பனி, இமயமலை மேல் கொட்டிக் கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையின் வில்லன் இரண்டும் இல்லை. இவன் உறைபனி. காற்றிலிருக்கும் ஈரம் இலைமேலேயே ஐஸ் துகளாகப் படியும். இலைக்குள் இருக்கும் தண்ணீரும் உறையும். முதலில் செல்களுக்கு வெளியே ஐஸ் பிடிக்கும். அந்த ஐஸ் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே உறிஞ்சி இழுக்கும். செல்லின் சவ்வு கிழியும். காலையில் வெயில் வந்ததும் பார்த்தால், நேற்றுவரை நிமிர்ந்து நின்ற செடி வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

குளிர்காலத்தில் உறைபனி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, தோட்டத்தில் ஒன்றுமே இருக்காது. வசந்தம் வந்துவிட்டது, பறவை கத்துகிறது, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம் என்று எல்லோரும் நிம்மதியாகிற நேரத்தில், ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒரே ஒரு ராத்திரி திரும்பி வருகிறதே, அதுதான் ஆபத்து.

ஐந்து மாதக் கணக்கு

உதாரணத்துக்கு ஓர் ஆளைப் பிடிப்போம். கும்பகோணத்துக்காரர். டொரான்டோவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணமாகி ஆறு மாதம். வாடகை வீடு, பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். பெயர் எதற்கு, 'மாப்பிள்ளை' என்றே வைத்துக்கொள்வோம்.

கடையில் விற்கிற குண்டு குண்டான, ருசியில்லாத கத்தரிக்காயைத் தின்று அலுத்துப்போய், 'நாமே போட்டால் என்ன?' என்று மாப்பிள்ளைக்கு ரோஷம் வருகிறது. நம்மூர் வழக்கப்படி, பனி எல்லாம் போகட்டும், மகாராணி பிறந்தநாளுக்கு விதையை மண்ணில் தூவிவிடலாம் என்று நினைக்கிறார்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. கத்தரி விதை முளைத்து, நாற்றாகி, பூத்து, முதல் காய் பறிக்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். மே கடைசியில் விதைத்தால் காய் வருவது அக்டோபர் நடுவில். அக்டோபரில் டொரான்டோ பக்கம் அடுத்த உறைபனி ஆஜர்! அந்த ஊர் பனிக்கு வருடத்தில் இரண்டு தடவை டூட்டி. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதே ஐந்து மாதம் சொச்சம்.

ஆகவே, காலண்டரைப் பின்பக்கமாகப் புரட்ட வேண்டும். மே மூன்றாம் வாரத்தில் நடவு என்றால், கத்தரியும் மிளகாயும் அதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்னால், அதாவது மார்ச் நடுவில், வீட்டுக்குள் முளைக்க வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். பாகல், பூசணி, வெள்ளரிக்கு மூன்று நாலு வாரம். இதுகளுக்கு வேரைத் தொட்டால் கோபம் வரும், சீக்கிரம் போட்டுத் தொட்டியில் காக்க வைக்கக் கூடாது. பீன்ஸுக்கு இந்த உபசாரமெல்லாம் வேண்டாம், மண் சூடானதும் நேராகவே ஊன்றிவிடலாம்.

வெளியே முழங்கால் அளவு பனி கொட்டிக்கொண்டிருக்கும் மார்ச் மாதத்தில், ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் மாப்பிள்ளை விதை போடுகிறார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார் என்பதால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

ஃப்ரிட்ஜ் மேலே பிரசவ வார்டு

முதல் விதி: தோட்டத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதில் இருக்கும் பூஞ்சணக் கிருமிகள், முளைத்த நாலாம் நாளே நாற்றின் கழுத்தை மண்மட்டத்தில் அழுக வைத்துச் சாய்த்துவிடும். நாற்றழுகல் என்று நம் விவசாய இலாகா துண்டுப் பிரசுரங்களில் படித்திருப்பீர்களே, அதே வியாதிதான். மண்ணே கலக்காத, லேசான கலவை கடையில் கிடைக்கிறது. சிலவற்றில் தென்னை நார்க்கழிவு இருக்கும். பொள்ளாச்சி பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிற சரக்கு. மாப்பிள்ளைக்கு முன்னால் நம்மூர்த் தென்னைமரம் அங்கே போய் வேலையில் சேர்ந்துவிட்டது!

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். பிறந்த ஊர் வெயில் அதன் ரத்தத்தில் இருக்கிறது. டொரான்டோ வீட்டுக்குள்ளே அவ்வளவு சூடு எங்கே கிடைக்கும்? பழைய ஃப்ரிட்ஜின் தலைமேல் கிடைக்கும். தட்டை அங்கே தூக்கி வைத்து, பாலிதீனால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், தக்காளி ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். மிளகாயும் கத்தரியும் கொஞ்சம் சோம்பேறிகள், இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். முளை தெரிந்த அன்றைக்கே பாலிதீனை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த பிரச்னை வெளிச்சம். ஜன்னலோரம் போதும் என்று நினைத்தால், மார்ச் மாத மங்கல் வெயிலை எட்டிப் பிடிக்கிற ஆசையில் நாற்று நெட்டையாய், வெளிறிப்போய், ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்த பையன் மாதிரி ஆகிவிடும். சாதாரண ட்யூப்லைட் போதும். ஆனால் அதை நாற்றின் தலைக்கு மேலே ஐந்தாறு சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, தினம் பதினாலு முதல் பதினாறு மணி நேரம் எரிய விட வேண்டும். நாற்று வளர வளர லைட்டையும் உயர்த்த வேண்டும். ராத்திரி அணைத்துவிட வேண்டும், அதற்கும் தூக்கம் தேவை.

இன்னொரு தமாஷான ரகசியம். தினமும் ஒரு தடவை நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுத்தால் அது நெட்டையாக ஓடாமல் தண்டு பருத்து வளரும். பாசத்தால் இல்லை. காற்று ஆட்டுகிறது என்று செடி நினைத்துக்கொண்டு, விழாமலிருக்க உடம்பைத் தேற்றிக்கொள்கிறது. சின்ன டேபிள் ஃபேனை மெதுவாக ஓட விட்டாலும் இதே பலன்தான்.

இரண்டு ஜோடி இலை வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. தக்காளியை மட்டும் கழுத்து வரை புதைக்கலாம், புதைத்த தண்டிலும் வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

செல்லப் பிள்ளைக்கு டிரெய்னிங்

மே மாதம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் பத்து கத்தரி நாற்று. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், இலை பளபள. ஆபீஸில் போட்டோ காட்டாத ஆள் பாக்கியில்லை. வெளியே வெயில் அடிக்கிறது. நட்டுவிட வேண்டியதுதானே?

கூடாது. எட்டு வாரம் ட்யூப்லைட் வெளிச்சத்தில், காற்றுப் படாமல் வளர்ந்த இலையின் மேல்தோல் மெலிசு, அதன்மேல் இருக்க வேண்டிய மெழுகுப் பூச்சும் கம்மி. நிஜ வெயில் பட்டால் அரை நாளில் இலை வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும். அம்மா தட்டில் பிசைந்து போட்டதைச் சாப்பிட்டே வளர்ந்த பையனை, முதல் உத்தியோகத்துக்குப் பெட்டி படுக்கையோடு தன்னந்தனியே பம்பாய்க்கு ரயிலேற்றுகிற கதைதான்!

முதல் நாள் நிழலில், காற்று அடிக்காத மூலையில், ஒரு மணி நேரம். மறுநாள் இரண்டு மணி. மூன்றாம் நாள் காலை இளவெயில் கொஞ்சம். இப்படி ஏறக்குறைய பத்து நாள், சாயங்காலம் மறுபடி உள்ளே. தண்ணீரையும் சற்றே குறைக்க வேண்டும். ஆபீஸுக்குப் போகிற ஆளுக்கு இது பெரிய தொல்லைதான். காலையில் தட்டை வெளியே வைத்து, பஸ்ஸைத் தவறவிட்டு, பாஸிடம் காரணம் சொல்ல முடியாமல் விழிக்கிற ஜனங்கள் அந்த ஊரில் உண்டு. ஆனால் இந்தப் பத்து நாளைத் தாண்டிய நாற்றுக்கும் தாண்டாத நாற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஜூன் மாதம் தெரியும். ஒன்று நட்ட மூன்றாம் நாள் துளிர்க்கும். மற்றது பதினைந்து நாள் சிணுங்கிக்கொண்டே நிற்கும்.

கத்திரி வெயிலும் குளிர் சோஃபியும்

மே மாதத்தில் நமக்கு அக்னி நட்சத்திரம். கத்திரி வெயிலில் தார் ரோடு உருகுகிறது. அதே மே மாதத்தில் ஐரோப்பாக்காரர்கள் கத்தரிச் செடிக்குக் குளிருமே என்று பயந்துகொண்டிருக்கிறார்கள்!

ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கமெல்லாம் மே 11 முதல் 15 வரை 'ஐஸ் புனிதர்கள்' நாட்கள். மமெர்ட்டஸ், பான்க்ராஸ், செர்வேஷியஸ், போனிஃபேஸ், கடைசியாக சோஃபியா. அந்தந்த நாளுக்கு உரிய கிறிஸ்தவப் புனிதர்கள் பெயர் இவை. 'குளிர் சோஃபி' விடைபெற்றுப் போன பிறகுதான் நாற்றை வெளியே வை என்பது அங்குள்ள குடியானவர்கள் கட்டிவைத்த விதி. போலந்தில் நடுவிலுள்ள மூவருக்கு 'குளிர் தோட்டக்காரர்கள்' என்றே பட்டப்பெயர். நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோமே, அந்த மாதிரி அனுபவத்தில் எழுதிய பஞ்சாங்கம்.

பஞ்சாங்கம் எப்போதாவது ஏமாற்றும். 1815 ஏப்ரலில் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானத்தில் கக்கிய துகள்கள் சூரியனை மறைத்ததில், மறு வருடம் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் உறைபனி விழுந்தது. பயிர் போயிற்று. குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்துகொண்டு மேற்கே போனார்கள். 1816-க்குச் சரித்திரத்தில் 'கோடை இல்லாத வருடம்' என்று பெயர்.

நட்சத்திரம் மின்னினால் ஜாக்கிரதை!

மாப்பிள்ளைக்குப் பொறுமையில்லை. மே 12-ஆம் தேதியே பத்து நாற்றையும் நட்டுவிட்டார். 14-ஆம் தேதி சாயங்காலம் டி.வி.யில் 'இன்றிரவு குறைந்தபட்சம் 3 டிகிரி' என்கிறார்கள். 'பூஜ்யத்துக்கு மேலேதானே?' என்று அவர் படுக்கப் போகலாமா?

போகக் கூடாது. வானிலைக்காரர்களின் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. கத்தரி நாற்று இருப்பது ஒரு சாண் உயரத்தில், திறந்த வானத்துக்குக் கீழே. பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி வானத்துக்குத் திருப்பிவிடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துக்கொள்ளும். வானம் நிர்மலமாக, நட்சத்திரம் மின்ன, காற்று அசையாமல் இருக்கிறதா? ஆபத்து. அந்த ராத்திரியில் இலையின் சூடு டி.வி. சொன்னதைவிட மூன்று நாலு டிகிரி கீழே இறங்கிவிடும். அதாவது பூஜ்யத்துக்கு வந்துவிடும். கவிஞர்களுக்குப் பிடித்த ராத்திரி, கத்தரிக்காய்க்குப் பிடிக்காத ராத்திரி!

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து ஓடி அங்கே தேங்கும். மேட்டு வீட்டுத் தோட்டம் பிழைக்கும், பள்ளத்து வீட்டுத் தோட்டம் கருகும்.

சரி, என்ன செய்யலாம்? பழைய பெட்ஷீட், வாளி, அட்டைப் பெட்டி, காலி மண்தொட்டி எது கிடைத்தாலும் கவிழ்த்து மூட வேண்டும். அதிலே நாலு நுணுக்கம் இருக்கிறது.

ஒன்று: சூரியன் மறையும் முன்பே மூட வேண்டும். செடிக்கு என்று தனியாகச் சூடு கிடையாது. நாம் பிடித்துவைப்பது தரையின் சூட்டை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடினால், அதற்குள் பாதி சூடு பறந்திருக்கும்.

இரண்டு: துணி தரை வரை வந்து, ஓரத்தில் கல் வைத்து அமுக்கியிருக்க வேண்டும். செடியைப் பொட்டலம் மாதிரி தண்டோடு சேர்த்துக் கட்டினால், கீழேயிருந்து வரும் சூடு உள்ளே புகாமல் வெளியே போய்விடும்.

மூன்று: பாலிதீன் இலையைத் தொடக் கூடாது. தொட்ட இடம் கருகும். துணி உத்தமம்.

நாலு: காலையில் எடுத்துவிட வேண்டும். மறந்து ஆபீஸுக்குப் போய்விட்டால், பனிக்குத் தப்பிய செடி புழுக்கத்தில் செத்துப்போகும்!

பகலிலேயே மண்ணை நனைத்து வைப்பதும் நல்லது. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேமித்து ராத்திரி மெல்ல மெல்ல விடும். பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, பகல் வெயிலில் காயவிட்டு, செடியைச் சுற்றி நிறுத்தி மூடினாலும் இதே வேலை நடக்கும்.

கல்யாணத்துக்கு வந்த பட்டு பார்டர் பெட்ஷீட் தோட்டத்துக்குப் போவதை வீட்டுக்காரி எப்படி எடுத்துக்கொள்வார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். மேலும் ஒரு சமாதானம்: எல்லாச் செடிக்கும் பெட்ஷீட் கேட்காது. முட்டைக்கோஸ், பட்டாணி, காரட், பசலைக்கீரை ஆகியவை லேசான உறைபனியைச் சட்டை செய்யாது. முட்டைக்கோஸ் வகையறா குளிரில் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு இன்னும் இனிக்கும். நடுங்குவதெல்லாம் வெப்ப பூமியிலிருந்து போன தக்காளி, மிளகாய், கத்தரி, பாகல், பூசணி கோஷ்டிதான்.

சக்கரம் வைத்த தோட்டம்

பனியை ஏமாற்றுகிற இந்த வித்தை புதுசு இல்லை. ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸுக்கு (கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர்) வருடம் முழுக்கத் தினமும் வெள்ளரிக்காய் வேண்டும். தோட்டக்காரர்கள் பாத்திக்கே சக்கரம் கட்டினார்கள். பகலில் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். குளிர் நாளில், ஒளி ஊடுருவும் மெல்லிய கல் பலகைகளுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். பிளினி என்ற பழைய ரோம ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நம் மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேயும் உள்ளேயும் நடப்பது, சக்கரவர்த்தி வீட்டு வேலை!

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் இதைப் பெரிய தொழிலாகவே செய்தார்கள். ஊர் முழுக்கக் குதிரை வண்டி, தெருவெல்லாம் சாணி. அந்தச் சாணியைப் பாத்திக்கு அடியில் கனமாக அடைத்தால் அது மக்கும்போது கொதிக்கிற சூடு வரும். மேலே மண், அதற்கு மேலே மணி வடிவத்தில் கண்ணாடிக் கவசம், ராத்திரியில் வைக்கோல் பாய். வெளியே பனி கொட்ட, உள்ளே கீரை வளர்ந்தது. அடியில் சூடு, மேலே மூடி. ஹீட்டரும் ட்யூப்லைட்டும் வந்த பிறகும் சூத்திரம் அதேதான்.

பெட்ஷீட் போதாத இடம்

பத்துச் செடிக்குப் பெட்ஷீட் போதும். நூறு ஏக்கருக்கு?

நீலகிரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். அங்கே வசந்தத்தில் அல்ல, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலைப் புல்வெளி உப்பு கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து கருகிப் போயிருக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். பெட்ஷீட்டுக்கு மலைநாட்டு மாற்று. விவசாயிகள் அதிகாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பயிர்மேல் படிந்த பனியைக் கழுவிவிடுகிறார்கள்.

தண்ணீரில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூட்டை வெளியே விடுகிறது. அமெரிக்கப் பழத்தோட்டங்களில் பனி ராத்திரி முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மொட்டைச் சுற்றி ஐஸ் பிடிக்கும், ஆனால் மேலே தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை உள்ளே மொட்டு பூஜ்யத்தைவிட அதிகம் கீழே போகாது. ஐஸால் பனியைத் தடுக்கிற வேலை! நடுராத்திரியில் பம்ப் நின்றால் மட்டும், தெளிக்காமலே இருந்ததைவிட மோசம்.

'உலகமே சூடாகிறது என்கிறார்களே, இனி பனிக் கவலை இல்லையே?' என்று கேட்பீர்கள். பிரான்ஸ் விவசாயிகளும் அப்படி நினைத்திருக்கலாம். 2021 மார்ச் கடைசியில் அங்கே கோடை மாதிரி வெயில். திராட்சைக் கொடிகள் முன்கூட்டியே துளிர்த்துவிட்டன. ஏப்ரல் முதல் வாரம் ராத்திரிகளில் உறைபனி இறங்கியது. தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மெழுகு விளக்கு ஏற்றிவைத்துக் காவல் காத்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கக் கார்த்திகை தீபம் மாதிரி அழகாயிருந்தது. காலையில் துளிரெல்லாம் பழுப்பு. அரசாங்கம் விவசாயப் பேரிடர் என்று அறிவித்தது. பிற்பாடு விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்ததில், செடி துளிர்த்த பிறகு அப்படிப்பட்ட பனி விழும் வாய்ப்பு, புவி சூடானதால் சுமார் 60 சதவீதம் கூடியிருக்கிறது என்று தெரிந்தது. பனி கூடிவிடவில்லை, செடிதான் அவசரப்பட்டுவிட்டது. சூடான மார்ச் மாதம் அதை ஏமாற்றிவிட்டது.

திராட்சைக் கொடிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். நாலு நாள் வெயில் அடித்ததும் ரோஷம் வந்தாலும், நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் சும்மா இருக்க முடிந்தால், ஆகஸ்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் நிச்சயம்.

செடியை வளர்ப்பதைவிடக் கஷ்டமான வேலை, அந்த ஒரு வாரம் சும்மா இருப்பதுதான்.